சேந்தி திறந்த தாழி

வாருங்கள், நெருங்கி உட்காருங்கள். குதிரைக்கு லாடம் அடிக்கக்கூட ஆள் கிடைக்காத அந்தக் காலத்தில், முசுக்குன்றம் என்றொரு மலைநாட்டை நெடுங்கோடன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

எங்கிருந்தோ வந்த வணிகன் ஒருவன், அங்கிருந்த மலைச்சரிவு ஊருக்குத் திராட்சைக் கொடியைக் கொடுத்து, மது செய்யும் முறையையும் சொல்லிவிட்டுப் போனான். பழத்தை மிதித்துச் சாறெடுக்க வேண்டும். கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழியில் ஊற்ற வேண்டும். நுரை அடங்கியதும் வாயைக் களிமண்ணால் பூசி, ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது, இல்லையா?

கொடி காய்க்கத் தொடங்கியதும் அரசன் மூன்று ஆண்டு தவணை கொடுத்தான். அதற்குள் நல்ல மது வராவிட்டால் கொடிகளைப் பிடுங்கிவிட்டுச் சரிவு முழுவதையும் குதிரைகளுக்குப் புல்வெளி ஆக்கிவிடுவேன் என்றான். ஊர்மக்களுக்கு அந்தச் சரிவை விட்டால் வேறு பிழைப்பில்லை.

தாழியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சேந்தியிடம் வந்தது. அடடா, சேந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டுமே! அவளுக்கு வாயும் ஓயாது, கையும் ஓயாது. வீடு தேடி வந்தவர் ஒரு வாயாவது ருசி பார்க்காமல் போகக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். மாமன் வந்தாலும் சரி, காணாமல்போன ஆட்டைத் தேடி ஒருவன் வந்தாலும் சரி, வழி கேட்டு எவனோ வந்தாலும் சரி, "எங்க ஊர்த் தாழியைக் கொஞ்சம் ருசி பாருங்களேன்!" என்பாள். களிமண்ணைப் பெயர்ப்பாள், ஒரு அகப்பை மொண்டு கொடுப்பாள், பிறகு நன்றாகப் பூசி மூடுவாள். மூடியாகிவிட்டதே, அப்புறம் என்ன குறை என்று நிம்மதியாக இருப்பாள்.

முதல் ஆண்டு மது புளித்துக் காடியாகிவிட்டது. வெயில் மேல் பழி போட்டார்கள், பந்தல் போட்டார்கள். இரண்டாம் ஆண்டும் காடிதான். கொடி மேல் பழி போட்டார்கள், எரு போட்டார்கள். மூன்றாம் ஆண்டு, அரசன் வருவதற்குப் பத்து நாள் முன்பு தாழியைத் திறந்தால் குப்பென்று அதே காடி நெடி! இனி யார் மிச்சம்? தாழி செய்த குயவன் பூதன்தான். அவன் கை ராசியில்லாத கை என்றார்கள். அவனிடம் ஒரு சட்டிகூட வாங்க மாட்டோம் என்றார்கள். பாவம், பூதன் ஊரை விட்டுப் போக மூட்டை கட்டத் தொடங்கினான்.

அரசன் வரும் நாளன்று காலை, மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன சேந்தியின் கையில் ஒரு குடம் தட்டுப்பட்டது. அந்த ஆண்டு தாழியில் கொள்ளாமல் மிஞ்சிய சாற்றை அவளேதான் அதில் ஊற்றி மூடி, வைக்கோல் போருக்குள் வைத்து மறந்திருந்தாள். திறந்து ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். மூன்றாவது வாயில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அருமையான மது!

அதே வெயில், அதே கொடி, அதே பூதன் சுட்ட மண். இந்தக் குடத்தை மட்டும் அவள் யாருக்கும் திறந்து காட்டவில்லை, உள்ளே காற்றுப் படவில்லை. "ஐயையோ, மூணு வருஷமா கெடுத்தது நான்தானா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்ததும் ஊர்த்தலைவர் வேட்டன் ஓடி வந்தார். "பிழைச்சோம் சேந்தி! இதையே அரசருக்கு ஊத்து. பெரிய தாழி என்னாச்சுன்னு கேட்டால் பூதன் பேரைச் சொல்லிடு. அவன்தான் எப்படியும் போறானே" என்றார்.

சேந்தி இரண்டையும் எண்ணிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அரசன் கோபத்தில் கொடிகளைப் பிடுங்கிவிடலாம். ஊரே அவளைக் கரித்துக்கொட்டும். சொல்லாவிட்டால் பூதன் குடும்பம் தெருவில் நிற்கும்.

உச்சிவேளையில் அரசன் வந்தான். குடத்து மதுவைக் குடித்தான், புருவத்தை உயர்த்தினான். பெரிய தாழியை முகர்ந்தான், முகத்தைச் சுளித்தான்.

"இது கெட்டதற்கு வெயில் காரணமா?" என்று சேந்தியைக் கேட்டான்.

"இல்லை, அரசே."

"கொடி காரணமா?"

"இல்லை, அரசே."

"அப்படியானால் தாழி செய்தவனா?"

வேட்டன் கண்ணைக் கண்ணைக் காட்டினார். தலையில் மூட்டையோடு பூதன் ஓரமாக நின்றான். சேந்தி அந்த மூட்டையைப் பார்த்தாள்.

"அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அரசே. வந்தவருக்கெல்லாம் திறந்து திறந்து காட்டி, நான்தான் கெடுத்தேன். திறக்காத குடம் நன்றாக இருக்கிறது. தண்டனை எனக்குக் கொடுங்கள், கொடிகளை விட்டுவிடுங்கள்" என்று அழுதாள்.

வேட்டன் தலையில் கைவைத்துக்கொண்டார். அரசனோ வாய்விட்டுச் சிரித்தான்.

"இந்தக் குயவனை விரட்டியிருந்தால் அடுத்த ஆண்டு வேறு குயவன் வந்திருப்பான், மறுபடியும் காடிதான் வந்திருக்கும். குற்றம் எங்கே என்று தெரிந்த பிறகு கொடியை எதற்குப் பிடுங்க வேண்டும்? கொடிகள் இருக்கட்டும். சரி, இனி விருந்தாளி வந்தால் என்ன செய்வாய்?"

"மோர் கொடுப்பேன், அரசே!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சேந்தி ஓடிப்போய்ப் பூதன் தலையிலிருந்த மூட்டையைத் தன் கையாலேயே இறக்கிவைத்து, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். "போகட்டும் விடு அக்கா" என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த ஆண்டு, குறித்த நாளில் ஊர்கூடித் தாழியைத் திறந்தார்கள். முதல் அகப்பையைப் பூதனுக்குத்தான் கொடுத்தார்கள். அவன் குடித்துவிட்டு அகப்பையை மறுபடியும் நீட்டினான் பாருங்கள், ஊரே ஆரவாரம் செய்தது.

தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் ஒருவரால்தான் ஊரின் தவறும் திருந்தும்.