முத்திரை குத்திய சரக்கு

தேயிலைத் தோட்டத்துத் துரை, சீமையிலிருந்து வந்த விருந்தாளியிடம் பீற்றிக்கொண்டிருந்தார்.

"ரோடும் லாரியும் நாங்கள் தந்தவை. இந்தக் கூலிகள் முன்னேறியதே அதனால்தான்."

பெட்டிகளுக்கு முத்திரை குத்தும் சடையன் ஓடிவந்தான். "தொரை, பொஞ்சாதி பிரசவ வலியில துடிக்கிறா. லாரியில டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"தோட்டத்து முத்திரை உள்ள சரக்கு மட்டும்தான் லாரியில் ஏறும், போடா!"

சடையன் போனான். மனைவியைத் தூக்கிவந்து லாரியில் கிடத்தினான். அவள் நெற்றியில் கறுப்பு மையில் தோட்டத்து முத்திரை.

"என்னடா இது?"

"சரக்குதான் தொரை. எங்களை இங்க கொண்டாந்தப்பவும் எண்ணித்தானே இறக்குனீங்க?"

விருந்தாளி துரையையே பார்த்தார். வேறு வழியில்லாமல் துரை தலையசைக்க, லாரி கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை.

பிள்ளையோடு திரும்பியவனைப் பார்த்துத் துரை சிரித்தார். "பரவாயில்லை, தோட்டத்துக்கு ஒரு கூலி கூடியிருக்கு."

"இதுக்கு முத்திரை குத்தல, தொரை," என்ற சடையன், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த ரோட்டிலேயே மலையிறங்கினான்.