பஞ்சு ஏன் குரைச்சுது

சிறுமலை அடிவாரத்துல ஒரு சின்ன ஆசிரமம். குரு மங்கையர்க்கரசி அம்மா. சீடர் வடுகநாதன், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. அவரு பொண்ணு வயசுதான் குருவுக்கு.

மார்கழி பொறந்தா வடுகநாதனுக்கு நிம்மதி போயிடும். கிளஸ்டர் தலைவலின்னு டாக்டர் பேரு சொன்னாரு. தெனமும் சாயங்காலம் ஒரே நேரத்துக்கு வரும். வலது கண்ணுக்குப் பின்னாடி கம்பிய விட்டுக் குடையுற மாதிரி. கண்ணு ஊத்தும், மூக்கு ஒழுகும். படுக்க முடியாது. முற்றத்துல அங்கயும் இங்கயும் நடந்துகிட்டே இருப்பாரு. அம்மா ஆக்சிஜன் சிலிண்டரத் தூக்கிட்டு ஓடி வருவாங்க. மாஸ்க்க வச்சா கொஞ்சம் கொஞ்சமா அடங்கும்.

அன்னைக்கு அம்மா பூசணி நறுக்கிட்டு இருந்தாங்க. வடுகநாதன் ஃபோனோட ஓடி வந்தாரு.

"அம்மா! ஆளு சிக்கிட்டான்!"

"யாரு, டிரைவர் சார்?"

"என் ஒடம்போட எதிர்ப்பு சக்திதான்! கிருமிய அடிக்க வேண்டியது, என்னையே அடிக்குதாம். அதான் இந்தத் தலைவலியாம்."

"உறுதியா சொல்லிட்டாங்களா?"

"இருக்கலாம்னு ஃபோன்ல போட்ருக்கு. எனக்கு அது போதும்."

சட்டப் பையிலேர்ந்து ஒரு மாத்திரை அட்டைய எடுத்தாரு. அவரு மச்சினனோடது. மச்சினனுக்கு கிட்னி மாத்துனாங்க. புது கிட்னிய ஒடம்பு அடிச்சுத் தள்ளாம இருக்க, எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திரை.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"ஆராய்ச்சி நடக்குது, பொறுங்கறாரு. வலி பொறுக்குமா?"

அவரு காலு ஒரு எடத்துல நிக்கல.

"போன மார்கழில யார வெரட்டுனீங்க?"

வடுகநாதன் குரல் எறங்குச்சு. "பஞ்சுவ."

மூலையில படுத்திருந்த நாய் காதத் தூக்கிப் பாத்துச்சு.

"ஏன்?"

"வலி வர்றப்பெல்லாம் பக்கத்துல நின்னு குரைச்சுது. அது குரைச்சுத்தான் வலி வருதுன்னு நெனச்சேன். கொண்டுபோய் ரோட்டு டீக்கடைல விட்டுட்டேன்."

"வலி நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு! இன்னும் நேரம் இழுத்துச்சு. நீங்க சிலிண்டர் கொண்டாரவே லேட்டு."

"நான் ஏன் லேட்டு?"

வடுகநாதன் நடக்கறத நிறுத்துனாரு.

"பஞ்சு சத்தம் கேட்டுத்தான... நீங்க வருவீங்க."

அம்மா அடுத்த துண்ட நறுக்குனாங்க.

"அப்ப எதிர்ப்பு சக்தி மேல தப்பே இல்லங்கறீங்களா?"

"எனக்குத் தெரியாது. அது நெசமாவே கடிக்கிற நாயா கூட இருக்கலாம். டாக்டருக்கே இன்னும் தெரியல."

"சாயங்காலம் வந்துருமே அம்மா! நான் என்னதான் பண்றது?"

"பஞ்சு எப்படித் திரும்பி வந்துச்சு?"

"நான்தான் போய்... ஒரு பன்னக் காட்டிக் கூட்டியாந்தேன்."

அம்மா கைய நீட்டுனாங்க. அவரு அட்டையக் குடுக்கல. இறுக்கிப் புடிச்சிருந்தாரு.

"முழுங்கிட்டு அப்புறம் தப்புன்னு தெரிஞ்சா," அம்மா கேட்டாங்க, "அந்த எதிர்ப்பு சக்திய எந்த டீக்கடைல போய்த் தேடுவீங்க, டிரைவர் சார்?"