வழுக்காத பிளேட்

செங்கோடன் யாரையும் நம்பாதவர். அதனால்தான் ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ஒரு குரு தேவைப்பட்டார்.

மலைமேல் சரக்கு ஏற்றிப்போக அவரிடம் ஒரு டீசல் பிக்கப் இருந்தது. அதன் கிளட்ச் பிளேட் முதல் தடவை கருகியபோது, காரவள்ளி அடிவாரத்தில் கியர் பாக்ஸ் வேலை பார்க்கும் தவமணி என்ற பெண்ணிடம் கொண்டுபோனார். தவமணிக்கு முப்பத்தெட்டு வயதுதான். ஆனால் அந்த வட்டாரத்தில் கியர் பாக்ஸ் என்றால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த தவமணி, எழுந்து வந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது செங்கோடனுக்கு நினைவில்லை. சொல்லும்போது இடது கண்ணை இரண்டு முறை சிமிட்டியது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

இந்தம்மா எதையோ மறைக்கிறது என்று அன்றே முடிவுகட்டினார். மெக்கானிக்குகளிடம் ஏமாறாமலிருக்க ஒரே வழி, அந்தத் தொழிலைத் தானே கற்றுக்கொள்வது. மறு வாரமே பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"தொழில் கத்துக்கணுமுங்க."

தவமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வயசுல எதுக்குங்ண்ணா?"

"சும்மாதானுங்க."

"சரி, வாங்க. ஸ்பேனரைத் தொடறதுக்கு முந்தி கையைக் கழுவோணும். தொட்ட பொறகும் கழுவோணும்."

அன்றிலிருந்து செங்கோடன் அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டார். வாய் அப்படிக் கூப்பிட்டது. மனசு இன்னும் வேவுதான் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது பிளேட்டும் கருகியது. தவமணி பேசிக்கொண்டே புதுசை மாட்டினார். பழைய பிளேட்டைத் துடைத்து மாட்டிவிடுவாரோ என்ற பயத்தில் செங்கோடன் அவர் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாட்டுவதற்கு முன்னாலேயே அந்தப் புதுசில் ஆணியால் 'செ' என்று ஒரு குறி கீறிவைத்திருந்தார். நாலு மாதத்தில் அதுவும் கருகியது. கழற்றிக் கீழே வைத்தபோது தவமணி மறுபடி ஏதோ சொன்னார். இவர் டார்ச் அடித்துக் குறியைத் தேடிக்கொண்டிருந்தார். குறி இருந்தது. அப்படியானால் பட்டறையில் தப்பில்லை, பிளேட்டு விற்ற கடையிலும் தப்பில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

வண்டியை ஓட்டுகிறவன் தினகரன். செங்கோடனின் மனைவி சரசுவுக்கு ஒரே தம்பி.

தினகரன்மேல் செங்கோடனுக்குச் சந்தேகம் புதிதல்ல. டீசல் டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டிருந்தார். ஸ்டெப்னிக்குச் சங்கிலி போட்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பின் சக்கரத்தில் புகை வந்தது. ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்து ஓட்டியிருப்பான் என்று நினைத்தவர், அதன் கேபிளையே கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். இருந்தால்தானே மறப்பான்! அன்று தன் மூளையை எண்ணித் தானே மெச்சிக்கொண்டார்.

அதன் பிறகு தினகரன் சீட்டுக்கு அடியில் சாக்கு சுற்றிய ஒரு பொருளை வைத்துக்கொண்டு திரிந்தான். செங்கோடன் ஒருநாள் ரகசியமாகப் பிரித்துப் பார்த்தார். உள்ளே கல் இருந்தது. வெறும் கருங்கல். இதில் என்ன சூது என்று இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. இன்னொரு நாள், கூடுதலாக மூட்டை ஏற்றுகிறானா என்று மூன்றாவது வளைவு வரை பைக்கில் பின்தொடர்ந்தார். மூட்டைகள் சரியாக இருந்தன. அது இன்னும் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது.

"நாலாவது பிளேட்டும் கருகுச்சுன்னா அவன்கிட்ட சாவியை வாங்கிருவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

சரசு முறத்தைக் கீழே வைத்தாள். "வாங்குங்க. அன்னைக்கே நானும் அவங்கூடக் கெளம்பிர்றேன். என் தம்பி திருடன்னு ஊரு பேசறப்ப நான் இந்த வீட்டுல உக்காந்து சோறு திங்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள் அவள். அந்தக் கவலையில்தான் செங்கோடன் கருகாத பிளேட் தேடிக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார்.

சந்தை நாள் காலையில் ஒரு சாக்குப் பையோடு பைக்கில் பட்டறைக்கு வந்தார். தினகரன் ஏற்கெனவே உர மூட்டை ஏற்றிய பிக்கப்பைப் பட்டறை முன் சரிவில் மேட்டைப் பார்க்க நிறுத்தி, பின் சக்கரத்துக்கு அந்தக் கல்லை வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். மாமனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மாமன் அவனைப் பார்க்காத மாதிரி உள்ளே போனார்.

பையிலிருந்த மூன்று சாமான்களும் மேஜைமேல் வந்தன. ஒன்று செராமிக் பட்டன் வைத்த கிளட்ச் பிளேட். அடுத்தது ஸ்பிரிங் அழுத்தம் கூடுதலான பிரஷர் பிளேட். மூன்றாவது, முதல் கியரில் இழுவை அதிகம் கொடுக்கும் ஒரு கியர் செட்.

"கம்பெனி சாமான் எல்லாம் நம்ம மலைக்குத் தாங்காதாமுங்க. இது மூணுல எதை மாட்டலாம், மேஸ்திரி?"

தவமணி செராமிக் பிளேட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன செய்யும்?"

"வழுக்கவே வழுக்காதுங்களாம். கப்புன்னு புடிச்சுக்குமாம்."

"புடிச்சுக்கிட்டா?"

"புடிச்சுக்கிட்டா கருகாது."

"பாரம் அப்ப எங்க போகும்?"

செங்கோடன் யோசித்தார். "அடுத்த சாமானுக்குப் போகுமுங்க. கியருக்கு."

"கியரையும் கெட்டியா மாத்திட்டா?"

"ஷாஃப்டுக்கு."

"அது வளைவுல முறிஞ்சா வண்டிய எது புடிச்சு நிறுத்தும்?"

நல்லதாக எதைக் கொண்டுவந்தாலும் தட்டிக்கழிக்கிறாரே, பிளேட்டு விற்ற கடைக்காரனோடு இவருக்கு ஏதாவது பேச்சுவார்த்தை இருக்குமோ என்று ஓடியது செங்கோடனின் புத்தி. தவமணியின் முகத்தை உற்றுப் பார்த்தார். இடது கண் மறுபடி சிமிட்டியது.

"மூணு பிளேட்டும் என்னைக்குங்ண்ணா கருகுச்சு?"

"மூணுமே சந்தை நாள்தான். அதனாலதான் சொல்றேன், மேஸ்திரி. அன்னைக்குத்தான் அவன் ஏதோ பண்றான்."

தவமணி கையைத் துடைத்தார். தன் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பிக்கப்பின் பின் சக்கரத்துக்கு அருகே குனிந்து, டீயோடு அந்தக் கிளாஸைச் சக்கரத்துக்கு நாலு விரல் பின்னால் தரையில் வைத்தார்.

"ஏறுங்ண்ணா. ஸ்டார்ட் பண்ணுங்க."

செங்கோடன் ஏறினார். இது என்ன நாடகம் என்று நினைத்தாலும், ஏறினார்.

"பிரேக்கை மிதிச்சுக்குங்க. கல்லை எடுக்கறேன்." எடுத்தார். "இப்ப நீங்க சந்தை நாள்ல வளைவுல நிக்கறீங்க. முன்னால வரிசையா வண்டி. பின்னால பஸ்ஸு, சனம் நெறைய. நான் கை காட்டுனா ஒரு சாண் முன்னால வரோணும். கையை மடக்குனா நிக்கோணும். பின்னால ஒரு விரக்கடை கூட வரக்கூடாது."

கை காட்டினார்.

செங்கோடன் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைப்பதற்குள் வண்டி பின்னால் சரிந்தது. பதறி மறுபடி பிரேக்கை மிதித்தார்.

"ரெண்டு விரல் போச்சு" என்றார் தவமணி. "மிச்சம் ரெண்டு."

மறுபடி கை காட்டினார். இந்தத் தடவை செங்கோடன் கிளட்சைப் பாதி விட்டு, எஞ்சினை உறுமவிட்டு, அந்த இழுவையிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினார். ஒரு சாண் முன்னால் போனார். கை மடங்கியது. பிரேக்குக்குக் காலை மாற்றப் பயமாக இருந்தது. அப்படியே பாதிக் கிளட்சில் தொங்கவிட்டு நின்றார். மறுபடி ஒரு சாண். மறுபடி நிற்க வேண்டும். தவமணி அவசரப்படவில்லை. கையை மடக்கியபடி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலை அது.

செங்கோடனின் இடது தொடை கடுக்க ஆரம்பித்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. அப்போது அந்த வாடை வந்தது. சணல் சாக்கு கருகுவது போன்ற வாடை. மூன்று தடவை அந்த வாடையோடு வண்டி வீடு வந்தபோதும் தினகரனை அவர் கேட்காத கேள்வி இல்லை. இப்போது அது அவர் காலடியிலிருந்தே வந்தது.

அவருடைய இடது கை, யாரும் சொல்லாமல், தானாகப் போய் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தது.

லிவர் ஒரு பிடிப்பும் இல்லாமல் லொடலொடவென்று மேலே வந்தது.

செங்கோடன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேபிள் பரண்மேல், பழைய குடத்துக்குப் பக்கத்தில் கிடப்பது அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"மாமா!" தினகரன் ஓடிவந்தான். கையில் அந்தக் கல். சக்கரத்துக்கு அடியில் சொருகிக் காலால் ஓர் உதை கொடுத்தான். "கல்லு வெச்சுட்டேன், மாமா. காலை எடுங்க. பயப்படாதீங்க, வண்டி நிக்கும். எஞ்சினை ஆஃப் பண்ணுங்க."

செங்கோடன் எஞ்சினை நிறுத்தினார். இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கீழே டீ கிளாஸ் கவிழாமல் நின்றது. தினகரன் அதை எடுத்து ஓரமாக வைத்தான்.

"வளைவுல யாருடா உனக்குக் கல்லு வெக்கறது?"

"யாரு வெப்பாங்க, மாமா? தனியாத்தானே போறேன். வரிசை ரொம்ப நேரம் நின்னுச்சுன்னா, பின்னால நிக்கற பஸ் கண்டக்டர் எறங்கி வருவாரு. சீட்டுக்கு அடியில கல்லு இருக்குதுன்னு அவருக்குத் தெரியும்."

"அவரு வரலைன்னா?"

தினகரன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "அன்னைக்குத்தான் பிளேட்டு கருகும், மாமா. பின்னால ஒரு ஸ்கூட்டருல பொம்பளையும் கொழந்தையும் நின்னாங்க ஒரு தடவை. பிளேட்டு போனா போகட்டும்னு புடிச்சுக்கிட்டே நின்னேன்."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னனே, மாமா. ஹேண்ட் பிரேக்கு வேணும்னு கேட்டேன். எதுக்குடா, மறந்துட்டு ஓட்டறதுக்கான்னு கேட்டீங்க."

செங்கோடனுக்கு அழுகை வந்தது. இந்த வயதில் பட்டறை வாசலில் நின்று அழுவது வெட்கமாகவும் இருந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியையும் டீசல் டேங்க் சாவியையும் எடுத்து மச்சினன் கையில் வைத்தார்.

"பைக்கை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ, மாப்ள. பரண்மேல ஒரு கேபிள் கெடக்குது, எடுத்துட்டு வா. அது மாட்டாம இன்னைக்கு வண்டி மலையேற வேண்டாம்."

தினகரன் சாவிகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

தவமணி மேஜைமேல் இருந்த மூன்று சாமான்களையும் சாக்குப் பையில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். செங்கோடன் போய் எதிரில் நின்றார்.

"மேஸ்திரி, உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"ஒரு வருசமா உங்க பக்கத்துலயே நிக்கறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

தவமணி பையின் வாயைச் சுருட்டிக் கட்டினார்.

"மூணு தடவை சொன்னனுங்ண்ணா. முதல் தடவை நீங்க என் கண்ணைப் பாத்துக்கிட்டிருந்தீங்க. ரெண்டாவது தடவை என் கையைப் பாத்துக்கிட்டிருந்தீங்க. மூணாவது தடவை, பிளேட்டுல உங்க பேரைத் தேடிக்கிட்டிருந்தீங்க."