நாலு முழக் கோல்

அரசவையில் உயிர்களை வகை பிரிக்கும் பொறுப்பு மருதவாணனுடையது. அதற்கென்று நாலு முழக் கோல் ஒன்று வைத்திருந்தான். கோலைவிட நீளமாக இருந்தால் முதலை, குட்டையாக இருந்தால் குட்டி. அவன் வகை பிரிக்கும் லட்சணம் அவ்வளவுதான்.

சதுப்பில் காலங்காலமாக வாழும் சின்ன முதலைகளில் ஒன்றுகூட அந்தக் கோலைத் தாண்டவில்லை. "எல்லாம் ஆற்று முதலையின் குட்டிகள். வழி தவறி வந்திருக்கின்றன. தாயிடம் சேர்த்துவிடுங்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

முதல் வண்டியில் கட்டி ஏற்றிப்போனவற்றை ஆற்றங்கரையில் அவிழ்த்துவிட்டார்கள். ஆற்று முதலைகள் ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தன. அதற்கும் மனுஷன் அசரவில்லை. "தாய் வாயில் கவ்வித்தானே குட்டியைத் தூக்கும்" என்று விளக்கம் வேறு. கேட்டவர்களுக்கு வயிறு எரிந்தது. சொல்கிற எனக்கும் எரிகிறது.

இரண்டாவது வண்டி புறப்பட்டபோது சதுப்புக்கரைப் பெண்கள் மாடுகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மருதவாணனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வண்டியைத் திருப்பி மடத்து வாசலில் நிறுத்திவிட்டு, தன் குரு செங்கமலத்தம்மையிடம் போய் நின்றான்.

"படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன் தாயே. குட்டியைத் தாய்கிட்ட விடறது தப்பா? என்னையே எதிர்க்கிறாங்க."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"வண்டியில கிடக்கிற ஒண்ணு கூடு கட்டி, முட்டையிட்டு, காவல் இருந்துச்சாம். கூட்டைக் காட்டினாங்க."

"பார்த்தியா?"

"பார்த்தேன். முட்டை கிடந்துச்சு. அதுக்காகக் கோல் பொய் சொல்லுமா?"

அம்மை கோலை வாங்கி அவன் பக்கத்தில் நிறுத்தினாள். அவன் தலைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது கோல்.

"முதல்ல சாப்பிடு" என்றாள்.

அந்த மடத்தில் முதல் பந்தி குழந்தைகளுக்கு. காரமே இல்லாமல், பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்த சோறு. அம்மை அவனைக் கூட்டிப்போய் அந்த வரிசையில் உட்காரவைத்தாள். சோற்றைப் பிசைந்து, ஓர் உருண்டையை அவன் வாயருகே நீட்டினாள். பிள்ளைகள் சிரித்தன.

மருதவாணன் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தான். முகம் சிவந்துவிட்டது.

"என்ன தாயே இது? பேரன் எடுத்தவன் நான். நாலு பேர் முன்னால இப்படி அவமானப்படுத்தலாமா?"

"பேரனா?"

"நீங்கதானே அவனுக்குப் பேர் வெச்சீங்க."

"வெச்சேன். அதுக்காகக் கோல் பொய் சொல்லுமா?"

வாசலில், கட்டிப்போட்டிருந்த ஒரு சின்ன முதலை வாலால் வண்டிப் பலகையை அடிக்கும் சத்தம் கேட்டது.

அம்மை கோலை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"வண்டியில இடம் இருக்கு மருதா, ஏறிக்க. உன்னையும் ஆத்துல அம்மாகிட்ட விட்டுடுவாங்க."