கூடுதலாக ஓர் இலை

"மூணே நாள்ல முடிச்சுட்டேன் அம்மா" என்று வேதமுத்து ஒப்பந்தத் தாளை நீட்டினார்.

முப்பது வருடம் நீதிமன்றத்தில் வாதாடிவிட்டு, சமரசம் கற்க மடத்துக்கு வந்தவர் அவர். குரு திலகவதியம்மையைவிடப் பத்து வயது மூத்தவர்.

அம்மை தாளை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "யாருக்கும் மனக்குறை இல்லையா?"

"சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாங்க."

"சிரிச்சுக்கிட்டா?"

சந்தேகப்பட வேண்டியதுதான். எண்ணெய்ச் செக்கைப் பிரித்துக்கொள்ள வந்த அண்ணன் சுடலைமுத்துவும் தம்பி பிச்சாண்டியும், முதல் நாள் மடத்துத் தண்ணீரைக்கூட நம்பாமல் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்தவர்கள். அண்ணன் நீட்டிய பேனாவைத் தம்பி தொடவில்லை. எழுதிய மை மறுநாளே மறைந்துபோகும் என்றார். அந்த இருவரும் இன்று தோளில் கை போட்டு நிற்கிறார்கள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சமரசமானால் சண்டை போட்டவர்கள் வீட்டிலிருந்து சமைத்து வரவேண்டும். எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்ட பிறகே குரு கையெழுத்திடுவார்.

சமைத்து வந்தவள் சொர்ணம். அண்ணனுக்குத் தங்கை, தம்பிக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினெட்டு வருடமாக எள்ளைக் கடித்துப் பார்த்து, ஆட்டலாமா இன்னும் காயவேண்டுமா என்று சொல்பவள் அவள்தான். செக்குக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீட்டில் குடியிருக்கிறாள். அதை இடித்துக் கிடங்கு கட்டிக்கொள்ளலாம் என்று தம்பி அண்ணனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். வண்டியில் வரும்போதுதான் அவளிடம் சொன்னார்கள். கேட்கவில்லை, சொன்னார்கள்.

இலை போடும்போது அம்மை கூடுதலாக ஓர் இலை போட்டார். யாருக்கு என்று சுடலைமுத்து கேட்டார்.

"உங்க தங்கச்சிக்கு."

"அவ பரிமாறணுமே."

"வேதமுத்து பரிமாறுவார்."

பிச்சாண்டி சிரித்தார். "அக்காவுக்கு என்ன குறை? ஆறு மாசம் அண்ணன் வீடு, ஆறு மாசம் எங்க வீடு. ராணி மாதிரி வச்சுக்குவோம்."

"அதை அவங்க சொல்லட்டும்."

சொர்ணம் கரண்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்து நிதானமாகத் துடைத்தாள்.

"நான் அந்த வீட்டை விட்டு எங்கயும் வரல. செக்குல மூணுல ஒரு பங்கு எனக்கும் உண்டு."

அண்ணன் தம்பியை முறைத்தார். நீதான் சொல்லிக்கொடுத்தாயா என்றார். அதையே தம்பி அண்ணனிடம் கேட்டார். அவளுக்கே தோன்றியிருக்கலாம் என்று இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுந்து வெளியே போய் ஆளுக்கொரு மரத்தடியில் நின்றுகொண்டார்கள்.

சொர்ணம் மட்டும் சாப்பிட்டாள். காலையிலிருந்து அடுப்படியில் நின்றவள்.

வேதமுத்து சாம்பார் வாளியைத் தரையில் வைத்தார். மூன்று நாள் உழைப்பை ஒரே இலையில் கெடுத்துவிட்டதாகக் குறைப்பட்டார். அத்தோடு விடவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க அம்மா. இந்தம்மாகிட்ட முன்னாடியே பேசி வச்சிருந்தீங்களா?"

"இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

"அப்ப எப்படித் தெரியும்? தீர்ந்துபோன சண்டையைத் திரும்ப மூட்டி விடறதா சமரசம்?"

அம்மை அவர் சட்டைப்பையைக் காட்டினார். "தாளை எடுங்க. எட்டாவது வரி என்ன?"

"தராசும் எடைக்கற்களும் தம்பிக்கு."

"பத்தாவது?"

"பழைய மோட்டார் அண்ணனுக்கு."

"ஒன்பதாவது?"

வேதமுத்து தாளைப் பார்த்தார். அவரே எழுதியது: சொர்ணம் ஆறு மாதம் அண்ணனுக்கு, ஆறு மாதம் தம்பிக்கு. நேற்று எழுதும்போது, மூன்று நாளில் யோசித்த வரிகளிலேயே இதுதான் நியாயமானது என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

சொர்ணம் சோற்றில் வைத்த கையை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"வாசிங்க," என்றார் அம்மை. "அவங்களும் கேட்கட்டும்."

வேதமுத்து தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.