எருமை முதுகில் அளந்த தூரம்

கோரைக்குளம் வற்றிச் சேறாகிவிட்டது. நடுத்திட்டில் குஞ்சோடு குடியிருந்த சிறகி என்னும் நீர்ப்பறவைக்குத் தூக்கமே போயிற்று. நரியின் காலடித் தடம் தினமும் கொஞ்சம் கிட்டே வந்துகொண்டிருந்தது.

பெரிய ஏரிக்குப் பறந்துவிடலாம். ஆனால் எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்? குஞ்சுக்கு இப்போதுதான் இறகு முளைத்திருந்தது. நடுவழியில் களைத்து விழுந்துவிட்டால்?

அந்த ஏரியைப் பார்த்திருந்த ஒரே ஆள் உண்ணிக்கொக்கு. அந்தப் பெருமையிலேயே அவர் கழுத்து தரைக்கு இறங்குவதில்லை.

"கொக்கு அண்ணே, ஏரிக்கு எவ்வளவு நேரம் பறக்கணும்?"

"கண்ணை மூடித் திறந்தா ஏரி!"

"நடுவில உட்கார இடம் இருக்கா?"

"இந்தத் தூரத்துக்கு உட்கார இடம் கேட்கிற பறவையை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!"

பக்கத்தில் நின்ற, அதே குளத்து நீர்ப்பறவைகளான நாமக்கோழிகள் கெக்கெக்கென்று சிரித்தன. "இருக்கிறது ஒரு குஞ்சு! அதுக்கு எத்தனை ஆர்ப்பாட்டம்!"

சிறகிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் பயம் அவளை வாய்மூட விடவில்லை.

"எதிர்காத்து அடிக்குமா அண்ணே?"

"காத்தா? எருமை காதை ஆட்டினப்போ கொஞ்சம் வந்தது."

"எருமையா? அப்போ நீங்க பறந்து போகலையா?"

கொக்கு திருதிருவென்று விழித்தார். "பறந்தா என்ன, உட்கார்ந்தா என்ன! முதுகில ஏறிக் கண்ணை மூடினேன், திறந்தேன், ஏரி! பெரியவங்க சொன்னா நம்பணும்!"

நாமக்கோழிகள் சிரித்த சிரிப்பில் எருமைப் பேச்சு அவற்றின் காதில் விழவில்லை. விடிந்ததும் கொக்கை முன்னால் விட்டு, கூட்டமாக நேரே பறந்தன.

சிறகி யோசித்தாள். எருமை தண்ணீர் காணாமல் அவ்வளவு தூரம் நடக்காதே! அவள் எருமைத் தடத்தின் மேலேயே குஞ்சைக் கூட்டிப் போனாள். ஒரு வாய்க்கால் வந்தது; இறங்கினார்கள். அப்புறம் ஒரு குட்டை. குஞ்சு ஒரு குட்டித் தூக்கமே போட்டது.

உச்சி வெயிலில் அவர்கள் ஒரு செங்கல் சூளைக்கு அருகே வந்தபோது, நாமக்கோழிகள் அலகைப் பிளந்துகொண்டு பொட்டலில் கிடந்தன. அந்த வழியாகப் போன எருமை ஒன்றின் முதுகில் கொக்கு ஏறியிருந்தார், கண்களை இறுக மூடிக்கொண்டு.

"தங்கச்சி, தண்ணி எங்கேம்மா?" நாமக்கோழிகளின் குரலில் இப்போது சிரிப்பே இல்லை.

"அந்த எருமை பின்னாலேயே போங்க. அதுக்கு வழி தெரியும்; மேலே இருக்கிறவருக்குத்தான் தெரியாது!"

குஞ்சு கொக்கின் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்தது. "மாமா, கண்ணை மூடியாச்சு! எப்போ திறப்பீங்க?"

கொக்கு திறக்கவேயில்லை. பொழுது சாயும்போது குஞ்சு ஏரித் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தது.

தான் தூங்கிக்கொண்டே போன வழியை அடுத்தவர் சிறகுக்கு அளந்து சொல்பவரிடம், ஊரே சிரித்தாலும், இன்னொரு கேள்வி கேட்டுவிட வேண்டும்.