உபதேசியார் வீட்டுக் கதவு

"இந்த வருஷம் ஈஸ்டருக்கு நான் கதவு தட்டப் போகலம்மா. வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

குருவானவருக்குத் துணையாகக் கோயிலில் பிரசங்கம் செய்கிற அருமைநாயகம் உபதேசியார் நின்றுகொண்டே சொன்னார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. பெரிய வெள்ளி ஆராதனை அப்போதுதான் முடிந்திருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர் அந்தச் சபையின் குருவானவர் பியூலா. உபதேசியாரின் மூத்த மகளைவிட வயதில் இளையவர். குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிட்டுப் பழகிய ஊர், பெண்ணே ஐயராக வந்து இறங்கியதும் திருதிருவென்று விழித்தது. கடைசியில் வெறும் அம்மாவில் வந்து நின்றது. அன்றைக்கு முகம் சுளித்தவர்களில் உபதேசியாரும் உண்டு. இப்போது மனசில் எது உறுத்தினாலும் அவர் கால் இந்த வீட்டுக்குத்தான் வருகிறது.

"உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"



ஈஸ்டர் அன்று விடியுமுன் அந்த ஊரில் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். உபதேசியார் முன்னால் போவார். பாட்டுக்குழு மெழுகுவர்த்தியோடு பின்னால் பாடிக்கொண்டு வரும். "இயேசு உயிர்த்தெழுந்தார்" என்று அவர் வெளியே நின்று குரல் கொடுப்பார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

"வேதமுத்து வீட்டையும் தட்டணுமேம்மா."

"தட்டினா என்ன?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"ஊர் சொன்னது தெரியும். நீங்க இன்னும் சொல்லல."



"போன மாசம் தோட்டத்து மோட்டார் களவு போச்சுன்னு போலீசு வேதமுத்தைப் பிடிச்சு ஜீப்புல உக்கார வச்சிருந்தாங்க. டீக்கடை முன்னால என்னைக் கூப்பிட்டு, 'இவன் உங்க கோயில் ஆளாமே, எப்படிப்பட்டவன்'னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"கோயிலுக்கு எத்தனையோ பேர் வாராங்க சார், எனக்கு ஆளைத் தெரியாதுன்னேன்."

வேதமுத்து அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் நின்றவர். ஒரு காலத்தில் பாட்டுக்குழுவில் உபதேசியாரோடு சேர்ந்து பாடியவர்.

"அவருக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம? ஜீப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தான்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"சின்னவளைப் பொண்ணு பாக்க அன்னைக்குத்தான் வாரதா இருந்தாங்க. போலீசு, ஸ்டேஷன்னு நம்ம பேரு அடிபட்டா என்ன ஆகும்னு பயந்துட்டேன்மா."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி அழக் கூடாது. ஆனாலும் அழுதார்.

களவாண்டவன் அந்த வாரமே அகப்பட்டுவிட்டான். வேதமுத்து வீங்கிய கன்னத்தோடு வீடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து உபதேசியார் அந்தத் தெருப் பக்கம் போவதில்லை. கோயிலுக்கே ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறார். வேதமுத்து ஒரு வார்த்தை வைதிருந்தால் பரவாயில்லை. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

"ஆண்டவரையே தெரியாதுன்னு சொன்னானே ஒரு சீடன், வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு அவனைக் கிழிகிழின்னு கிழிப்பேன். இன்னைக்கு எனக்கு வாயே வரலம்மா. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"பாத்தேன். அந்தச் சீடனுக்கு ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு சொல்லுவீங்களா?"

"உயிர்த்தெழுந்த ஆண்டவரே அவனைத் தேடி வந்தாரு. அது வேற பிரசங்கம்மா. வெள்ளிக்கிழமைக்கு அது வராது."

பியூலா சிரித்துவிட்டார். உபதேசியாருக்குச் சுருக்கென்றது.

"உங்க வீட்டுக் கதவை யாரு தட்டுவா?"

"எப்போ?"

"ஈஸ்டருக்கு."

"எங்க வீட்டை எதுக்குத் தட்டணும்? தட்டப் போறவனே நான்தானே."

"அப்போ உங்களுக்கு யாருமே சொன்னதில்ல."

"எனக்குத் தெரியாத சங்கதியாம்மா அது?"

"தெரியும். யாரும் வந்து சொன்னதில்ல."

உபதேசியார் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி," என்று பியூலா எழுந்துகொண்டார். "நீங்க போக வேண்டாம். வீட்டுலயே இருங்க."

இவ்வளவு லேசில் விடுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஈஸ்டர் வந்தது. மனைவியும் சின்னவளும் பாட்டுக்குழுவோடு போய்விட்டார்கள். உபதேசியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முதல் தெருவில் தொடங்கியது. கதவுகள் தட்டப்படுவதும் பதில்கள் வருவதும் கேட்டன. தான் இல்லாமலும் எல்லாம் ஒழுங்காக நடப்பது அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

பாட்டு நெருங்கி வந்து வாசலில் நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ஏ அருமை!"

ஊருக்கெல்லாம் அவர் உபதேசியார். அருமை என்று கூப்பிடுகிறவர் ஒரே ஒருவர்தான்.

"அருமை! இயேசு உயிர்த்தெழுந்தார்!"

உபதேசியார் எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டார். தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பதில் வராமல் அடுத்த வீட்டுக்கு நகரக் கூடாது என்பது உபதேசியாரே போட்ட சட்டம். தூங்குமூஞ்சிகள் பலரை அவர் அப்படி நின்றே எழுப்பியிருக்கிறார். வெளியே யாரும் நகரவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது.

"வேதமுத்து," என்றார் உள்ளேயிருந்து. "உன் மூஞ்சியில எப்படிலே முழிப்பேன்? என்னை மன்னிச்சிருலே."

"அது பதில் இல்லலே."

"நீ ஜீப்புல இருக்கும்போது நான்..."

"அதுவும் பதில் இல்ல. இன்னும் எத்தனை வீடு கிடக்கு. இயேசு உயிர்த்தெழுந்தார். சொல்லுலே அருமை."

உபதேசியார் கதவைத் திறந்தார். வேதமுத்து மெழுகுவர்த்தியோடு நின்றார். கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது, தழும்பு போகவில்லை.

வருஷக்கணக்காக அடுத்தவர் வாயால் மட்டுமே கேட்டிருந்த பதிலை உபதேசியார் சொல்லப் பார்த்தார்.

"மெய்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

"மெதுவாச் சொல்லு," என்றார் வேதமுத்து. "நான் நிக்கேன்."